கல்கத்தா விடுதியில் தொடங்கிய கதை

பழங்கதை ஒன்றை மீண்டும் சொல்ல வருபவர் முதலில் கைவைக்கும் இடம் அதன் தொடக்கமே. கதை எங்கே தொடங்குகிறது, தலைமை மாந்தர் எதன் பொருட்டு வீட்டை விட்டுப் புறப்படுகிறார் என்னும் இரண்டையும் மாற்றிவிட்டால், இடையில் வரும் நிகழ்ச்சிகள் யாவும் அப்படியே இருந்தாலும் கதை வேறொன்றாகிவிடும். காவியத்திலும் நாடகத்திலும் நாம் அறிந்த இவ்வுண்மை, நம் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்து ஆடும் கணினி விளையாட்டுக்கும் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுக்குத் திறனாய்வா எனச் சிலர் நகைக்கக்கூடும். நாவலைக்கூட ஒரு காலத்தில் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கதையும் மாந்தரும் களனும் உள்ள எதுவும் திறனாய்வுக்கு உரியதே. அன்றியும், ஈண்டு எடுத்துக்கொண்ட விளையாட்டின் தலைவியை நாம் முதன்முதலில் சந்திக்கும் இடம் நாம் வாழும் இந்தக் கல்கத்தா. ஆதலால் அதைப் பற்றிப் பேச நமக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு.

மூலத்தின் முகப்பு

இங்கிலாந்தில் டெர்பி நகரத்துக் கோர் டிசைன் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'டூம் ரெய்டர்' என்னும் விளையாட்டே அது. கல்லறையைச் சூறையாடுவோர் என்பது அப்பெயரின் பொருள். அதன் முதற்காட்சி 1945இல், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நிகழ்கிறது. அணுகுண்டுச் சோதனையில் நிலம் பிளக்கிறது. உள்ளே நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த ஒருத்தி வெளிப்படுகிறாள். அவள் அட்லாண்டிஸ் என்னும் கடல்கொண்ட நாட்டை ஆண்ட மூவருள் ஒருத்தியாகிய நாட்லா என்பது பின்னரே தெரியவரும். உண்மை வரலாற்றில் அச்சோதனை 1945 ஜூலை 16ஆம் நாள், லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கேயுள்ள பாலையில் நடந்தது. விளையாட்டோ அதை லாஸ் அலமோஸ் என்றே குறிக்கிறது. புனைவுக்கு இவ்வளவு சலுகை தரலாம்.

அடுத்த காட்சி கல்கத்தா இம்பீரியல் விடுதி. லாரா கிராஃப்ட் என்னும் தலைவி அமர்ந்திருக்கிறாள். லார்சன் என்னும் அமெரிக்கன் வந்து பேச்சுக் கொடுக்கிறான். அவன் கொணர்ந்த மடிக்கணினியின் திரையில் நாட்லா தோன்றிப் பணம் காட்டி அழைக்கிறாள். தான் விளையாட்டாக மட்டுமே இதில் இறங்குவதாகச் சொல்லி லாரா பணத்தை மறுக்கிறாள். அப்படியானால் பெரு நாட்டு மலைகள் உனக்குப் பிடிக்கும் என்று பேச்சை மாற்றுகிறாள் நாட்லா. குவாலோபெக் என்னும் அரசனின் கல்லறையில் உள்ள தொல்பொருள் ஒன்றே அவளுக்கு வேண்டும். லாரா புறப்பட்டுவிடுகிறாள்.

சில நிமிடங்களில் முடியும் இம்முகப்பில் ஒரு நுட்பம் உண்டு. சிலப்பதிகாரப் பதிகம் கதையின் முடிவை முன்வைத்துவிட்டுத் தொடங்குகிறது. கண்ணகி அறியாத ஒன்றை அறிந்துகொண்டே நாம் புகாருக்குள் நுழைகிறோம். இங்கும் லாரா அறியாத 1945ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஆடுபவர் நெஞ்சில் கிடக்கிறது. மடிக்கணினியில் பேசும் சீமாட்டி மீது நமக்கு ஐயம் பிறக்கிறது. அவளோ ஐயமின்றிச் செல்கிறாள்.

மறுவாக்கம் செய்த மாற்றம்

பதினோராண்டுகளுக்குப் பின், 2007இல், அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் இவ்விளையாட்டை 'ஆனிவர்சரி' என்னும் பெயரில் புதிதாக ஆக்கியது. அணுகுண்டும் விடுதியும் லார்சனும் அப்படியே உள்ளனர். மாறியது ஒன்றே. குவாலோபெக்கின் கல்லறையிலுள்ள சயான் என்னும் அப்பொருள், லாராவும் அவள் தந்தை ரிச்சர்டும் முன்பு தேடியதும் கிட்டாததுமான பொருளாகிவிட்டது. விளையாட்டுக்காகச் சென்றவள் தந்தையின் தேடலை முடிக்கச் செல்கிறாள்.

இம்மாற்றத்தின் அளவை உணர, மூலத்தின் கையேடு லாராவைப் பற்றிச் சொன்னதை நினைவுகூர வேண்டும். அதில் அவள் ஹென்ஷிங்லி கிராஃப்ட் பிரபுவின் மகள். செல்வர் வீட்டுத் திருமணம் அவளுக்குக் காத்திருந்தது. இருபத்தோராம் வயதில் அவள் வந்த விமானம் இமயமலையில் வீழ, அவள் ஒருத்தியே பிழைத்தாள். இரண்டு வாரம் தன் அறிவையே துணையாகக் கொண்டு நடந்து ஓர் ஊரை அடைந்தாள். அதன் பின் மாளிகை வாழ்வு அவளுக்கு மூச்சு முட்டியது. தனியே பயணம் செய்யும்போதே தான் உயிரோடிருப்பதாக உணர்ந்தாள். குடும்பம் அவளைக் கைவிட்டது. பயண நூல்கள் எழுதித் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள்.

தந்தை மனையின் கதவைத் தானே சாத்திக்கொண்டு வந்த பெண் அவள். மறுவாக்கத்தின் லாராவோ தந்தையின் குறிப்பேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்க வந்தவள். இருவரும் ஒரே மலையில் ஏறுகின்றனர். ஒரே ஓநாய்களை எதிர்கொள்கின்றனர். ஆயினும் இருவர் கதையும் ஒன்றாகா.

மறுவாக்கியோர் ஏன் இவ்வாறு செய்தனர் என்பது விளங்காததன்று. விளையாட்டாகப் போகிறேன் என்னும் ஒரு சொல், நெடுங்கதை ஒன்றைத் தாங்குவதற்கு மெலிந்த தூண் என அவர்கள் எண்ணியிருக்கலாம். நாட்லாவின் சுரங்கத்தில் லார்சனைக் கொல்ல நேரும்போது, மறுவாக்கத்தின் லாரா தன் கையால் ஒரு மனிதன் மாண்டதை எண்ணி நடுங்குகிறாள். மூலத்தில் இல்லாத கனம் அக்காட்சியில் உண்டு. ஒரு பொருளை அடைய எவ்வளவு விலை கொடுக்கலாம் என்னும் வினா அங்கே எழுகிறது. இப்பேறு மறுவாக்கத்துக்கு உரியது. அதை மறுப்பது நடுவுநிலை ஆகாது.

கம்பர் காட்டும் அளவுகோல்

பழங்கதையின் தொடக்கத்தில் புதுக்காரணம் சேர்ப்பது குற்றமா? அன்று. நம் மொழியிலேயே அதற்குச் சிறந்த சான்று உண்டு. வான்மீகியில் வில் ஒடிந்த பிறகே இராமனும் சீதையும் இணைகின்றனர். கம்பரோ வில்லை ஒடிப்பதற்கு முன்பே, மிதிலை வீதியில் இருவரையும் ஒருவரையொருவர் காணச் செய்தார். அதுவரை வீரச் செயலாக மட்டும் இருந்த வில்லொடிப்பு, அதன்பின் இரண்டு உள்ளங்களின் தவிப்புக்கு விடையாயிற்று. ஒரு காட்சியைச் சேர்த்ததால் பின்வரும் காட்சியின் பொருளே உயர்ந்தது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கம்பர் சேர்த்த காரணம் அவ்விருவரின் சொந்தக் கண்களிலிருந்து பிறந்தது. தசரதன் விருப்பமோ சனகன் ஆணையோ அன்று. புதிதாகச் சேர்க்கும் காரணம் மாந்தரின் உள்ளிருந்தே எழ வேண்டும். 2007ஆம் ஆண்டு மறுவாக்கத்தை இவ்வளவுகோலால் அளந்தால், குறை எங்கே என்பது தெளிவாகிறது. அங்கே சேர்ந்த காரணம் லாராவுடையதன்று, அவள் தந்தையுடையது. ஒரு பெண் தன் விருப்பத்தால் மலையேறினாள் என்பதை நம்ப வைக்க இயலாமல், தந்தைக்காக ஏறினாள் என்று சொல்லிச் சமாதானம் தேடிக்கொண்டனர்.

எவருடைய கல்லறை?

மூலத்தின் தொடக்கத்தில் ஒரு குறை இருந்தது உண்மை. ஆனால் அக்குறை யாருக்காகப் போகிறாள் என்பதில் இல்லை. எந்த உரிமையில் போகிறாள் என்பதில் இருந்தது.

அவள் செல்லும் வில்கபாம்பா கற்பனை ஊர் அன்று. ஸ்பானியரிடம் குஸ்கோவை இழந்த இன்கா மக்கள் மலைக்காட்டுக்குள் அமைத்த கடைசித் தலைநகரம் அது, 1572இல் வீழ்ந்தது. 1911இல் மச்சு பிச்சுவைக் கண்ட அமெரிக்கர் ஹிராம் பிங்கம், அதுவே வில்கபாம்பா எனக் கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அது வேறிடம் என்று காட்டினர். தம் நிலத்தை இழந்தவர்கள் இறுதியாகக் காத்துநின்ற ஊரை, விளையாட்டு அட்லாண்டிஸ் அரசனின் கல்லறைக்கு வாயிலாக ஆக்கிவிடுகிறது. கட்டியவர் பெயர் மறைந்து, கடல்கொண்ட கற்பனை நாட்டின் பெயர் நிற்கிறது. மூலமும் இதை எண்ணிப் பார்க்கவில்லை, மறுவாக்கமும் எண்ணவில்லை.

கல்கத்தாவுக்கும் இதே நிலைதான். இம்பீரியல் விடுதி என்னும் பெயரைத் தவிர நகரின் வேறெதுவும் கதையில் இல்லை. தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் முன்வைத்தார். நிலம் வெறும் திரைச்சீலையாக நின்றால், அதில் நிகழும் ஒழுக்கமும் வேரின்றிப் போகும். இவ்விடுதியைத் தூக்கிக் கெய்ரோவில் வைத்தாலும் கதையில் ஒரு சொல்லும் மாறாது.

தொடக்கம் எப்படி அமையலாம்?

உண்மையில் இக்கதைக்குக் கல்கத்தாவினும் பொருத்தமான களன் வேறில்லை. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகத்தை நிறுவியது இங்கே. 1814இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகம் சௌரங்கியில் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகாத குடும்பம் நம்மிடையே இராது. போனவர்கள் எல்லோரும் தேடிச் சென்று பார்ப்பது எகிப்திய மம்மியை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தன் மண்ணில், தன் உறவினர் கைகளால் கிடத்தப்பட்ட ஒருவர், கடல் கடந்து வந்து கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறார்.

கல்லறைகளுக்குள் புகும் பெண் ஒருத்தி இந்நகரத்து விடுதியில் அமர்ந்திருக்கிறாள். விடுதியிலிருந்து லாராவை அக்கூடத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு காட்சி போதும். லார்சன் தன் மடிக்கணினியை அப்பேழையின் முன் திறந்திருக்கலாம். பணத்தை மறுக்கும் அவள் கண் ஒரு கணம் அப்பேழையின் மேல் தங்கியிருந்தால், தந்தை தேவைப்பட்டிருக்கமாட்டார். போவதா வேண்டாமா என்னும் தயக்கம் அவளுடையதாகவே பிறந்திருக்கும். அப்படியும் அவள் புறப்படுவாள். ஆனால் விளைவுக்குத் தானே பொறுப்பேற்றுப் புறப்படுவாள். லார்சன் வீழும்போது அவள் கை நடுங்குவதற்கும் இங்கேயே வித்து விழுந்திருக்கும்.

2024 பிப்ரவரியில் மூல விளையாட்டு, கதை மாறாமல் படங்கள் மட்டும் மெருகேற்றப்பட்டு மீண்டும் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய காட்சியும் புதிய காட்சியும் மாறி மாறித் தோன்றும். 2025 டிசம்பரில் முழு மறுவாக்கம் இன்னொன்றும் அறிவிக்கப்பட்டது. அதை ஆக்குவோர் லாராவின் கையில் எந்தக் காரணத்தைக் கொடுத்து அனுப்புவார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று. நம் வீட்டுப் பெண்கள் படிப்புக்கும் பணிக்கும் புறப்படும்போது, யாருக்காகப் போகிறாய் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தந்தையின் கனவை நிறைவேற்ற என்று விடை வந்தால் மனம் குளிர்கிறோம். எனக்காகப் போகிறேன் என்றாள் 1996ஆம் ஆண்டு லாரா. அவ்விடையைத் திருத்த வேண்டியதில்லை. போகும் இடம் யாருடையது என்று அவளைக் கேட்கவைத்தால் போதும்.