அடி பருத்த இச்சி

போன்சாய் பார்த்துப் பழகிய கண் முதலில் இலைக்குப் போகாது. தண்டு மண்ணைத் தொடும் இடத்துக்குத்தான் போகும். அங்கே வேர்கள் நாலாபுறமும் பரவி மண்ணைக் கவ்வியிருந்தால் ஒரு முழ உயரச் செடியும் முதிர்ந்த மரமாகத் தெரியும். தண்டு நட்ட குச்சியாக நேரே மண்ணுக்குள் இறங்கினால், மேலே எத்தனை நல்ல கிளைகள் இருந்தாலும் அது தொட்டிச் செடிதான். ஜப்பானியர் நெபாரி என்று சொல்லும் இந்த வேர்ப்பரப்பில்தான் ரசனையும் வளர்ப்பும் தொடங்குகின்றன.

புதிதாக வருகிறவருக்கு இச்சியைவிட நல்ல மரம் கிடையாது. நர்சரியில் ஃபைகஸ் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஆலும் அரசும் இதன் நெருங்கிய சொந்தம். கோயில் மதில் இடுக்கில் பிடி மண்கூட இல்லாமல் அரசு துளிர்த்து நிற்கிறதே, அந்தப் பிடிவாதம் இச்சிக்கும் உண்டு. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஒன்றோடொன்று அழுந்திக் கிடக்கும் வேர்கள் நாளடைவில் ஒட்டி ஒரே வேராகிவிடும். ஈரக்காற்றில் விழுது விடும். இந்தக் குணங்களை மதிக்கிறவர்கள் இதன்மேல் பைன் மரத்தின் வடிவத்தைத் திணிக்க மாட்டார்கள். சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பாருங்கள். தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்த பிறகும் விழுதுகளே தூண்களாகி மரத்தைத் தாங்குகின்றன. அகன்ற குடையும் பருத்த அடியும்தான் இந்தக் குடும்பத்தின் அழகு.

அந்த அடியைச் செதுக்குவதற்கான வாய்ப்பு, தொட்டி மாற்றும்போது கிடைக்கிறது. வெயிலின் உக்கிரம் இல்லாத, மரம் சுறுசுறுப்பாகத் துளிர்க்கிற பருவம் அதற்கு ஏற்றது. நர்சரித் தொட்டியிலிருந்து செடியை உருவினால் வேர்கள் தொட்டியின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். மூங்கில் குச்சியால் அவற்றை வெளிப்பக்கமாகக் கோதிவிட வேண்டும். மண் உதிர உதிர, அதுவரை பார்த்திராத ஒரு மரம் வெளிப்படும். எந்த வேர் கிடையாக ஓடுகிறது, எது இன்னொன்றின் மேல் ஏறிக் குறுக்கிடுகிறது, எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தச் சில நிமிஷங்கள்தான் எனக்கு இக்கலையின் உச்சம். நேர்க்கீழே இறங்கும் தடித்த வேரைக் குட்டையாக வெட்டலாம். வெட்டிய முனையைச் சுற்றிப் பக்கவேர்கள் கிளைக்கும். அடி அகலமாவது அப்படித்தான். முதல் முறையில் மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கைவைக்காமல் இருப்பது நல்லது. வெட்டில் கசியும் பாலைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போதும்.

மண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் தொட்டியின் அடியில் ஓர் ஈர அடுக்கு தேங்கி நிற்கும். ஒரே மண்ணாக இருந்தால் ஆழமான தொட்டியிலும் தட்டையான தொட்டியிலும் அந்த அடுக்கின் உயரம் ஒன்றுதான். அதனால் தட்டையான தொட்டியில் பெரும்பகுதி வேர் சேற்றில் நின்று அழுகும். செங்கல் சில்லையும் பருமணலையும் தூள் போகச் சலித்து, கொஞ்சம் மக்கிய உரத்தோடு கலந்தால் ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கும். தொட்டித் துளைகளுக்கு வலைத்துண்டு வைத்து, மரத்தைக் கம்பியால் தொட்டியோடு அசையாமல் கட்ட வேண்டும். காற்றில் ஆடும் மரத்தின் புதுவேர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அறும். பிறகு அடித்துளையில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைக்கலாம். புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

இதற்குப் பிந்தைய காலத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கண்ணாடிப் பூச்சு மின்னும் தட்டையான பீங்கான் தொட்டி ஆசை காட்டும். ஆனால் அதில் வைத்த இளமரத்தின் தண்டு வருஷக்கணக்கில் பென்சில் பருமனிலேயே நிற்கும். தண்டு பருக்க வேண்டுமானால் இலை பெருக வேண்டும்; அதற்கு வேருக்கு இடம் வேண்டும். காய் கழுவும் பிளாஸ்டிக் கூடை இதற்கு அருமையான வீடு. துளை வழியே காற்றைத் தொடும் வேர்முனை காய்ந்துபோகும், பின்னால் புதிய வேர்கள் கிளைக்கும். உச்சிக்கிளையை இஷ்டம்போல் ஓங்க விட்டு, தண்டு வேண்டிய அளவு பருத்ததும் கீழே ஒரு பக்கக்கிளைக்குச் சற்று மேலே வெட்டினால், அந்தக் கிளை புதிய உச்சியாகும். இப்படிச் சில முறை வளரவிட்டு வெட்டிய தண்டு அடியில் பருத்து மேலே போகப்போக இயல்பாக ஒடுங்கும். கம்பி சுற்றி எவ்வளவு வளைத்தாலும் இந்த ஒடுக்கத்தைக் கொண்டுவர முடியாது.

போன்சாய் என்றால் மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குவது என்று நினைப்பவர்கள், கூடைக்குள் கட்டுக்கடங்காமல் செழித்து நிற்கும் இளம் இச்சி ஒன்றைப் பார்க்க வேண்டும். சின்ன மரத்தின் கம்பீரம் எல்லாம் அது தாராளமாக வளர்ந்த வருஷங்களில் சேர்த்தது. தட்டையான தொட்டிக்கு அடி பருத்த பிறகு போனால் போதும். அதுவரை மரம் கேட்பது வெயில், தண்ணீர், இடம். அவற்றைக் குறையாமல் கொடுக்கிறவர்தான் நல்ல தொடக்கக்காரர்.