காந்தாரம் மாறும் இடம்

ஷூபர்ட்டின் 'குளிர்காலப் பயணம்' பாட்டுத் தொகுப்பில் முதல் பாட்டு 'இரவு வணக்கம்'. காதல் கைகூடாத ஒருவன் பனி மூடிய ராத்திரியில் ஊரை விட்டுக் கிளம்புகிறான். பியானோ ஒரே சீராக நடக்கிறது. டி மைனரில் அமைந்த பாட்டு. டியை ஷட்ஜமமாக வைத்துக் கேட்டால், குரல் எடுக்கும் முதல் சுரமே மேல் ஸ்தாயிச் சாதாரண காந்தாரம். அங்கிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மூன்று சரணங்கள் இப்படியே போகின்றன. ஊரின் மீது, அந்த வீட்டின் மீது, காதல் என்கிற சமாசாரத்தின் மீதே அவனுக்கு இருக்கிற மனத்தாங்கல் எல்லாம் அவற்றில் வந்துவிடுகிறது.

நாலாவது சரணம். அவள் தூங்குகிறாள், அவள் தூக்கம் கலையக் கூடாது என்று காலடிச் சத்தம் கேட்காமல், கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போகிறான். இங்கே ஷூபர்ட் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதே மெட்டு, அதே நடை. காந்தாரத்தை மட்டும் அரை சுரம் ஏற்றிவிடுகிறார். சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம். அவ்வளவுதான். கோபமாகத் தொடங்கிய பிரிவு, சட்டென்று வாஞ்சையாகிவிடுகிறது. எத்தனை முறை கேட்டாலும், வரப்போகிறது என்று தெரிந்தே காத்திருந்தாலும், அந்த இடத்தில் மார்பு அடைத்துக்கொள்கிறது.

அதைவிட நுட்பமான ஒன்று கடைசியில் இருக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டுதான் போனேன் என்று முடிகிற வரியை அவன் மறுபடி சொல்கிறான். மறுமுறை சொல்லும்போது பழைய காந்தாரம் திரும்பி வந்துவிடுகிறது. வாஞ்சை நிலைக்கவில்லை. சொல் மாறவே இல்லை. சுரம்தான் உண்மையைச் சொல்கிறது.

சில பாடகர்கள் இந்த நாலாம் சரணத்துக்கு வந்ததும் குரலில் தேன் தடவ ஆரம்பிப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காந்தாரம் செய்து முடித்துவிட்ட வேலையைக் குரல் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்? இங்கே பாடகர் செய்ய வேண்டியது, சற்றுக் குறைத்துக்கொண்டு, சுத்தமாகச் சுரத்தில் நிற்பது. அப்படி நிற்பதுதான் சிரமம்.

அப்படிக் குறைத்துப் பாடினாலும் கேட்க வேண்டும் என்றால் இடம் சின்னதாக இருக்க வேண்டும். லண்டனில் விக்மோர் ஹால் இருக்கிறது. பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ நிறுவனம் தன் விற்பனைக்கூடத்தை ஒட்டிக் கட்டி 1901 மே மாதம் திறந்த அரங்கு அது. முதல் உலகப்போரில் எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதலாகி ஏலத்தில் கைமாறி, 1917இல் அது இருக்கும் தெருவின் பெயரோடு மறுபடி திறந்தது. சுமார் 550 இருக்கைகள். நீளமான கூடம், வளைந்த கூரை, மேடைக்கு மேலே அரைக்கோள மாடம், அதில் இசையின் ஆன்மாவைச் சித்திரித்த ஓவியம். மைக் கிடையாது. ஒருவர் நின்று பாடுகிறார், ஒருவர் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறார். வேஷம் இல்லை, காட்சி ஜோடனை இல்லை. வார்த்தையின் கடைசியில் வருகிற வல்லொற்று பின்வரிசை வரைக்கும் போய்ச் சேரும். பாடப்போகிற கவிதைகள் மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் அச்சிட்ட தாள் எல்லார் மடியிலும் இருக்கும். பாட்டு முடிகிறவரை பக்கத்தைத் திருப்ப வேண்டாம் என்று அதிலேயே கேட்டுக்கொள்வது இத்தகைய கச்சேரிகளில் வழக்கம். ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் தாளைப் புரட்டினால் அந்தச் சரசரப்பே பாட்டின் முடிவை விழுங்கிவிடும்.

இந்த அரங்கு 2015 செப்டம்பரில் ஒரு காரியத்தைத் தொடங்கியது. ஷூபர்ட் எழுதிய பாட்டுகள் அத்தனையையும், 600க்கும் மேற்பட்டவற்றை, இரண்டு சீசன்களில் பாடிவிடுவது என்று. ஷூபர்ட் 1797இல் வியன்னாவில் பிறந்தவர்; 1828இல், 31 வயதில் போய்விட்டார். 1815 என்ற ஒரே வருஷத்தில் மட்டும் 140 பாட்டுகள் வரை எழுதியவர். வழக்கமான கச்சேரிகளில் இவற்றில் ஒரு கைப்பிடிதான் திரும்பத் திரும்ப வரும். முழுவதையும் வைக்கிறபோது வேறு சங்கதிகள் வெளியே வருகின்றன. ஒரே கவிதையை அவர் எத்தனை முறை விடாமல் திருப்பி எடுத்திருக்கிறார் என்பது அவற்றில் ஒன்று. கதேயின் நாவலில் மின்யோன் என்ற சிறுமி பாடும் ஏக்கப் பாட்டு ஒன்றுக்கு அவர் ஆறு முறை இசையமைத்திருக்கிறார். ஒருமுறை ஐந்து ஆண்குரல்களுக்கு, ஒருமுறை இரட்டைக் குரலுக்கு. ஒரு சாகித்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று வருஷக்கணக்காகத் தேடியிருக்கிறார். புகழ்பெற்ற இருபது பாட்டுகளை மட்டும் கேட்டால் அவருக்கு எல்லாம் தானாகவே சுரந்தது என்றுதான் தோன்றும்.

தானாகச் சுரந்தது என்று நம்பும்படி ஒரு பாட்டு இருக்கத்தான் செய்கிறது. 1814 அக்டோபர் 19 அன்று, 17 வயதில் எழுதிய 'ராட்டினத்தருகே கிரெட்சன்'. கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில், காதலன் நினைவில் அமைதி இழந்த பெண் நூல் நூற்றுக்கொண்டே பாடுவது. பியானோவின் வலது கை சக்கரத்தைச் சுழற்றுகிறது. இழைந்து இழைந்து, நிற்காத சின்னச் சுரங்கள். இடது கையில் விட்டு விட்டு ஒலிக்கிற தட்டல், அது மிதிகட்டை. சக்கரத்தை இழைத்தும் மிதியை வெட்டியும் வாசிக்க வேண்டும் என்று ஷூபர்ட்டே குறித்திருக்கிறார். ஒரே ஆள், இரண்டு கைகளில் இரண்டு விதமான தொடுகை.

அவள் காதலனின் நடையை நினைக்கிறாள், சிரிப்பை நினைக்கிறாள், கண்ணை, பேச்சை, கை அழுத்தத்தை. ஒவ்வொன்றுக்கும் ஸ்வரஸ்தானம் மேலே மேலே போகிறது, சக்கரம் வேகமெடுக்கிறது. முத்தம் என்ற சொல் வந்ததும் குரல் உச்சியில் நிற்கிறது. சக்கரமும் நின்றுவிடுகிறது. கை வேலையை மறந்துவிட்டது. இது வரையில் கெட்டிக்கார இசையமைப்பாளர் எவருக்கும் தோன்றியிருக்கலாம். அதற்கு அடுத்த இரண்டு மூன்று மாத்திரைகளில்தான் பையன் மேதை என்பது தெரிகிறது. சக்கரம் உடனே ஓடத் தொடங்குவதில்லை. ஒரு சுற்று சுற்றி நிற்கிறது. இன்னொரு சுற்று, மறுபடி நிறுத்தம். அப்புறம்தான் நூல் ஓடுகிறது. குரல் இந்த இடத்தில் மௌனம். அவள் தன் நிலைக்குத் திரும்பியதை அவள் சொல்லவில்லை, பியானோ சொல்கிறது. கதேயின் கவிதை முத்தத்தில் உயிர் போகட்டும் என்ற ஆவேசத்தில் முடிந்துவிடும். ஷூபர்ட் அங்கே நிறுத்தவில்லை. முதல் வரிகளைத் திரும்பக் கொண்டுவந்து, நெஞ்சு கனக்கிறது என்ற இடத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு, சக்கரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தேயவிடுகிறார். கவிஞரை மீறியது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். நூற்கிற பெண்ணுக்கு வேலை முடியவில்லை அல்லவா.

அடுத்த வருஷம் எழுதிய 'எர்ல் அரசன்' இதைவிடப் பிரபலம். கதைசொல்லி, தகப்பன், பிள்ளை, பிள்ளையை இழுக்க வரும் மாய அரசன் என்று நாலு பேரையும் ஒரே குரல் பாட வேண்டும். பிள்ளை ஒவ்வொரு முறை அலறும்போதும் அலறல் முன்னதைவிட ஒரு படி மேலே எழுந்து, பியானோவோடு அரை சுரத்தில் உரசும். உரசல் பிசகு அல்ல, பயம். இந்தப் பாட்டு அரங்கைக் கட்டிப்போடும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிரெட்சனின் அந்த இரண்டு நிறுத்தங்களுக்கு நான் இதை ஈடு சொல்ல மாட்டேன்.

குரலின் வித்தையை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் ரூக்கெர்ட் கவிதைக்கு 1823இல் எழுதிய 'நீயே என் அமைதி'. மேலுக்குப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத பாட்டு. மெதுவான நடை, மிருதுவான ஒலி, எதிலும் அவசரம் கிடையாது. கடைசிச் சரணத்தில் மெட்டு படி படியாக ஏறத் தொடங்குகிறது. ஒவ்வொரு படியிலும் நின்று, காற்றைக் கட்டி, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே உச்சிக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கொண்டாட்டம் எதுவும் இல்லை. முழுதாக வெறுமை, குரலும் இல்லை, பியானோவும் இல்லை. பிறகு மறுபடி மெல்லிய குரலில், ஒன்றுமே நடக்காதது போல, கீழே இருந்து எடுக்க வேண்டும். இதை ஒருமுறை செய்தால் போதாது, இரண்டாம் முறையும் உண்டு. வேகமான பிருகாக்களுக்குக் கைதட்டிப் பழகிய நம் காதுக்கு இதில் என்ன பெரிய வித்தை என்று முதலில் படலாம். பாடிப் பார்த்தவருக்குத் தெரியும். மூச்சு துளி தடுமாறினாலும் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அந்த மௌனத்தைக் கச்சேரியில் கவனிக்க வேண்டும். அது பாடகருக்கு ஓய்வல்ல. மூச்சு இழுக்கிற சத்தம்கூட அதில் கேட்கக் கூடாது.

பியானோ வாசிப்பவரைப் பக்கவாத்தியம் என்று சொல்லிப் பின்னே தள்ளிவைத்த காலம் மேற்கிலும் உண்டு. அதை மாற்றியவர்களில் ஜெரால்ட் மூர் முக்கியமானவர். 1962இல் வந்த தன் நினைவு நூலுக்கு 'என் சத்தம் அதிகமோ?' என்ற பொருளில் அவர் தலைப்பு வைத்தார். பாடகரைப் பார்த்துப் பக்கவாத்தியக்காரர் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி அது. டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவோடு சேர்ந்து ஷூபர்ட்டின் ஆண்குரல் பாட்டுகளை நானூறுக்கும் மேல் அவர் பதிவு செய்து வைத்திருக்கிறார். அவற்றில் எதை எடுத்தாலும், பாடகர் மூச்சு வாங்கும் கணத்தில் பியானோவின் வாக்கியமும் மூச்சு வாங்குவதைக் கேட்கலாம்.

மறுபடி 'குளிர்காலப் பயண'த்துக்கு வருகிறேன். வில்ஹெல்ம் ம்யுல்லரின் 24 கவிதைகள், 1827இல் இசையமைத்தது. ஷூபர்ட் இதை நண்பர்கள் வட்டத்தில் பாடிக் காட்டியபோது அவர்கள் திகைத்துப்போனார்கள். ஷோபர் என்ற நண்பருக்கு 'லிண்டன் மரம்' ஒன்றுதான் பிடித்தது. மற்ற பாட்டுகள் எல்லாவற்றையும்விட இவைதான் தனக்குப் பிடிக்கின்றன, உங்களுக்கும் பிடிக்கும் என்று ஷூபர்ட் சொன்னதாக நண்பர் ஷ்பவுன் எழுதிவைத்திருக்கிறார்.

கடைசிப் பாட்டு 'லையர்க்காரன்'. ஊருக்கு வெளியே பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கிற தந்திவாத்தியத்தோடு ஒரு கிழவன். யாரும் கேட்பதில்லை, தட்டில் காசு விழுவதில்லை, நாய்கள் உறுமுகின்றன. அந்த வாத்தியத்தில் சில தந்திகள் எப்போதும் ஒரே சுருதியில் முழங்கும். அதைப் பியானோவின் இடது கை எடுத்துக்கொள்கிறது. ஏ, ஈ. ஏயை ஆதாரமாக வைத்தால் ஷட்ஜமமும் பஞ்சமமும்தான். முதல் இரண்டு அளவுகளில் மட்டும் பக்கத்துச் சுரத்தின் உரசல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, சக்கரம் தந்தியைப் பற்றிக்கொள்ளத் தடுமாறுவது போல. பிறகு பாட்டு முடிகிற வரை அந்த இடது கை அசைவதே இல்லை.

தமிழ்க் காதுக்கு இந்த இடத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. சபா என்று தம்பூரா மீட்டினால் நமக்கு அது வீடு. உட்கார்ந்து ராகத்தை யோசிக்கிற திண்ணை. மேற்கத்திய இசைக்கு அப்படியில்லை. அங்கே கட்டாயம் நடுவில் காந்தாரம் வேண்டும். அது இருந்தால்தான் மகிழ்ச்சியா துயரமா என்று தெரியும். முதல் பாட்டில் ஒரு காந்தாரத்தை அரை சுரம் நகர்த்தி மனசைப் பிசைந்த மனிதர், கடைசிப் பாட்டின் ஆதார ஒலியிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிட்டார். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, வெறும் சட்டகம். நம் பழக்கத்தில் முழுமையாகக் கேட்கிற அதே சபா இங்கே ஓட்டையாக ஒலிக்கிறது. இரண்டு விதமாகவும் ஒரே சமயத்தில் கேட்க முடிகிற பாக்கியம் நமக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

குரலும் வாத்தியமும் கலப்பதில்லை. வலது கை ஒரு சின்னத் துணுக்கு வாசிக்கிறது, நிறுத்துகிறது. அப்போது குரல் பாடுகிறது. குரல் நின்றால் துணுக்கு வருகிறது. இப்படியே மாற்றி மாற்றி. கடைசியில்தான் அவன் கிழவனிடம் கேட்கிறான்: நானும் கூட வரட்டுமா, என் பாட்டுகளுக்கு உன் வாத்தியத்தை வாசிப்பாயா. கேள்வியோடு பாட்டு நின்றுபோகிறது. பியானோ ஒரே ஒருமுறை உரத்து எழுந்து அடங்குகிறது. அந்த ஒற்றை எழுச்சியைக் கிழவன் தலை தூக்கிப் பார்த்ததாக வாசிப்பவர்கள் உண்டு. கேட்டவனின் உள்ளே எழுந்த அலறலாக வாசிப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். 24 பாட்டுகளில் அவன் பேச்சுக்கு ஒரு மனிதன் செவி கொடுக்கிற இடம் வேறெங்கும் இல்லை.

2020 ஜூனில், பெருந்தொற்றுக்காக மூடிக்கிடந்த விக்மோர் ஹாலிலிருந்து ஆள் இல்லாத இருக்கைகளின் முன்னால் கச்சேரிகளை நேரலையில் தந்தார்கள். மார்க் பேட்மோர் பாட, மிட்சுகோ உச்சிதா வாசிக்க, 'குளிர்காலப் பயணம்' முழுவதும் அந்த வரிசையில் வந்தது.

புதிதாகக் கேட்கப்போகிறவருக்கு நான் இவ்வளவு பெரிய தொகுப்பைச் சொல்ல மாட்டேன். ஷோபரின் கவிதைக்கு 1817இல் எழுதிய 'இசைக்கு' போதும், இரண்டே சரணம். மூர் 1967இல் ஓய்வு பெற்றபோது லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் விடைபெறும் கச்சேரி நடந்தது. ஷ்வார்ஸ்காஃப், விக்டோரியா டி லாஸ் ஆஞ்சலஸ், ஃபிஷர்-டீஸ்கா மூவரும் பாடி முடித்த பிறகு, அவர் தனியாக உட்கார்ந்து வாசித்தது இந்தப் பாட்டைத்தான், குரலே இல்லாமல். முதல் முறை கேட்கும்போது பாடகரை விட்டுவிட்டு இடது கையைப் பின்தொடருங்கள். மெட்டு முதலில் அங்கேதான் பிறக்கிறது. குரல் அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறது.