வியப்புகளைத் திரட்டுவோர்: தனிப்பாடல் முதல் கைபேசி வரை

சிதம்பரம் நடராசர் கோயிலைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றிவரும் ஒரு செய்தி உண்டு. நடராசரின் கால் பெருவிரல் பூமியின் காந்த நடுக்கோட்டின் மேல் ஊன்றியிருக்கிறது என்று அது தொடங்கும். அடுத்த வரியில், சிதம்பரம், காஞ்சிபுரம், காளத்தி ஆகிய மூன்று கோயில்களும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருக்கின்றன என்று சொல்லும். இரண்டாவது செய்தி ஏறக்குறைய சரி. மூன்றுமே கிழக்கே 79 பாகை 42 கலையை ஒட்டித்தான் இருக்கின்றன; வரைபடத்தைத் திறந்து யாரும் பார்த்துக்கொள்ளலாம். முதலாவது தவறு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள தும்பாவிலிருந்து 1963இல் முதல் ராக்கெட்டை ஏவியதற்கு அந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம். சிதம்பரம் அதற்கு வெகு வடக்கே இருக்கிறது. உண்மையான வியப்பும் பொய்யான வியப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. அனுப்பியவர் யார், முதலில் எழுதியவர் யார், எங்கிருந்து எடுத்தார் என்ற குறிப்பு எதுவும் கூட வருவதில்லை.

அங்கிருந்து கடலூர் முதுநகருக்கு வந்தால், ஊர்க்காரர் வாய்ச்சொல்லில் ஓ.டி.க்கு வந்தால், சுற்றுவட்டாரத்திலேயே இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று கிடக்கிறது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் வைத்த அளவுகோல் பீரங்கி. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். நாலாபக்கமும் சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்டவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. கடலூரில் குண்டுசாலையும் இருக்கிறது. ஆவணம், ஊர்ப்பெயர், தேதி எல்லாம் உள்ள இந்தச் செய்தி கைபேசிகளில் அவ்வளவாகச் சுற்றுவதில்லை. காந்த நடுக்கோடு சுற்றுகிறது. இணையத்தில் வேடிக்கையும் விநோதமும் திரட்டுவது பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் தோன்றும் கவலை இதுதான்.

திரட்டுவது தமிழர்க்குப் புதிதன்று. இணையம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே இந்த வேலையை நாம் அச்சில் செய்துவருகிறோம். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் விருப்பப்படி தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராயர் தொகுத்த தனிப்பாடல் திரட்டு அதன் பெரிய முன்மாதிரி. காவியத்தில் இடம்பெறாத, ஒரு விருந்திலோ சண்டையிலோ தெருவோரத்திலோ பிறந்த ஒற்றைப் பாட்டுகள் அதில் இருக்கின்றன. சிலேடை, வசை, புகழ்ச்சிபோல் பழித்தல், சோறு போடாதவன் மேல் கோபம் என்று எல்லாமே உண்டு. தில்லைக் கலம்பகம் பாடிய இரட்டையரில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது; ஒருவர் முதல் இரண்டடியைச் சொல்ல மற்றவர் வெண்பாவை முடிப்பார் என்று மரபு சொல்கிறது. அவர்கள் பேரிலும் இத்தகைய பாட்டுகள் பல வழங்குகின்றன. 1876இல் அஷ்டாவதானம் வீராசாமி செட்டியார் வெளியிட்ட ‘விநோதரச மஞ்சரி’ இன்னொரு படி மேலே போய், பாட்டு பிறந்த சந்தர்ப்பத்தைக் கதையாக்கிச் சொன்னது. சந்தர்ப்பம் தெரியாவிட்டால் பாட்டில் பாதிச் சுவை போய்விடும் என்பதை அந்தத் தலைமுறை நன்றாக அறிந்திருந்தது.

ஆனால் அந்தத் திரட்டுகளிலேயே இன்றைய நோயும் தொடங்கிவிட்டது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. சிலேடையாக இருந்தால் காளமேகம், நீதியாக இருந்தால் ஔவை, கவித்துவமாக இருந்தால் கம்பர் என்று அநாதைப் பாட்டுகளுக்கெல்லாம் தகப்பன் பெயர் கிடைத்தது. யாரோ ஒரு பெயர் தெரியாத புலவனின் கெட்டிக்காரத்தனம் பெரிய பெயரின் நிழலில் கரைந்தது. இன்று யாரோ எழுதிய வாசகமெல்லாம் அப்துல் கலாம் பெயரிலும் விவேகானந்தர் பெயரிலும் வருவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

இதற்கு மாற்றான திரட்டுகளும் நம்மிடம் உண்டு. அவற்றில் ஒன்று கடலூர் மண்ணைச் சேர்ந்தது. இராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த சண்டையில் ஆறுமுக நாவலர் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அடிகள் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றார் என்ற கதையை இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். கதையைவிடச் சுவையானவை அந்தச் சண்டையில் இரு தரப்பும் அச்சடித்து வீசிய துண்டறிக்கைகளும் சிறு நூல்களும். ‘போலியருட்பா மறுப்பு’ என்று தொடங்கி, அடுத்த நூற்றாண்டில் நா. கதிரைவேற்பிள்ளை அணியின் ‘ஆபாச தர்ப்பணம்’ வரைக்கும் நீண்ட பகடியும் வசையும் இலக்கணச் சண்டையும் அவை. படித்துவிட்டு எறிந்துவிடும் தாள்கள். ப. சரவணன் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, யார் வெளியிட்டது, எப்போது, எதற்கு மறுமொழி என்ற வரிசையோடு ‘அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு’ என்ற பெருந்தொகுப்பாக்கினார். வசைத்தாள்கள் அதனாலேயே வரலாறாயின.

ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் செய்ததும் இதே காரியம். சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கொலை, ரயில் விபத்து, புயல் வெள்ளம் என்று அன்றன்றைய பரபரப்பைப் பாடின. அந்தக் காலத்து மீம் என்று அவற்றைச் சொன்னால் மிகையாகாது. புலவர்கள் அவற்றைத் தீண்டவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தீண்டினார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர் புத்தகங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை, துண்டறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ‘இதெல்லாம் எதற்கு’ என்று கேட்காத ஒரு மனிதரால் தமிழ்ச் சமூக வரலாற்றின் ஒரு பகுதி பிழைத்தது.

பத்திரிகைத் துணுக்குகளை விரைவாகக் கடந்துவிடலாம். தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ ஒரு தலைமுறைக்கே உலக விநோதங்களை ஊட்டியது. ஆனால் துணுக்கின் இலக்கணமே மூலத்தைச் சொல்லாமல் விடுவதுதான். இன்றைய ஃபார்வர்டு அதன் வாரிசு.

இணையத்தில் நிலைமை என்ன? ஒரு பக்கம் நல்ல அடித்தளம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்திலுள்ள ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதி, துணுக்கைக் கட்டுரையோடு பிணைத்து, படிப்பவர் பின்னால் போய்ச் சரிபார்க்க வழிவிடுகிறது. துணுக்குக்கு இப்படி ஒரு மரியாதை தமிழில் அதற்குமுன் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபக்கம் இழப்பு. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது; தமிழர்கள் வளவளவென்று எழுதிக் குவித்த கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. தடைக்கான காரணங்களில் நுழைய வேண்டியதில்லை. சிற்றூர்ப் பெண்களும் கூலித் தொழிலாளரும் முதல்முறையாகத் தம் பகடியைத் தாமே படம்பிடித்து வைத்திருந்த இடம் அது. அதில் எவ்வளவு மிஞ்சியது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

2019 மே மாதம் நடந்த நேசமணி கூத்தை எடுத்துக்கொள்வோம். இதை உங்கள் நாட்டில் என்னவென்று சொல்வீர்கள் என்று ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படம் போட்டுக் கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, அது காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்ததையும் சொன்னார். 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற அந்த நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. அந்தப் பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. வெளியூர்க்காரர்கள் நேசமணி யார் என்று தேடினார்கள். தமிழ் நகைச்சுவை இவ்வளவு பெரிய அரங்கில் ஆடியது அபூர்வம். அந்த இரண்டு நாளில் வந்த படங்களும் வரிகளும் இன்று ஒரே இடத்தில் தேதி வரிசையில் எங்கும் காணக்கிடைப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் நாட்டார் வழக்காற்று மையம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்த அந்த மையம் 2017இல் இணையப் பண்பாட்டுக்கென ஒரு காப்பகத்தை வெளியிட்டது. மீம்களின் பிறப்பைத் துருவும் ‘நோ யுவர் மீம்’, விநோதங்களைத் திரட்டும் ‘போயிங் போயிங்’ போன்ற தளங்கள் அதில் இருக்கின்றன. பழமொழியையும் தாலாட்டையும் சேர்க்கும் அதே கையால் மீமையும் சேர்க்கிறார்கள்.

நம்மிடமும் அந்தக் கை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். மற்றவர்கள் ஒதுக்கிய பாலியல் கதைகளையும் கூச்சமின்றிச் சேர்த்தார். அவர் இருந்த புதுவைக்கும் கடலூருக்கும் இடையில் பேருந்தில் போனால் அதிக நேரம் ஆகாது. சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் கைபேசி நகைச்சுவையை, புயல் நாளில் பிறக்கும் மீம்களை, தேர்தல் நேரத்துக் குரல்பதிவுகளைச் சேர்ப்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு மேலான வேலை. அங்குள்ள தமிழ்த் துறை அதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது எளிது. அடுத்தமுறை ஒரு வேடிக்கையான படமோ வரியோ கைக்கு வந்தால் ரசியுங்கள், அனுப்புங்கள். அனுப்பும்போது எங்கே கண்டது, எந்தத் தேதி, முதலில் யார் செய்தது என்று தெரிந்ததை ஒரு வரியாவது சேர்த்து எழுதிவிடுங்கள்.