கெல்லி மாளிகையின் செங்கல்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து விடிந்ததும் காரை எடுத்து, தைப்பிங்கில் பசியாறிவிட்டு, மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டினால் கிந்தா பள்ளத்தாக்கு விரியும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கோட்டை உண்டு. பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையில், சாலையோர மேட்டில் நிற்கும் கெல்லி மாளிகை.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்ட முதலாளி. 1915இல் தொடங்கிய வேலை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் நின்றுபோனது. மின்தூக்கிக்காக விட்ட குழி அப்படியே இருக்கிறது. பலர் பேய்க்கதைக்காகத்தான் வருகிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. நான் பார்ப்பது சுவரை.

பூச்சு இல்லாத இடங்களில் செங்கல் தன் முகத்தைக் காட்டுகிறது. ஜன்னல் வளைவுகளில் கற்கள் விசிறி மடிப்புகளைப்போல் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எத்தனை மழை பார்த்த சுவர்! சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களின் கைவேலை இது. கட்டிக்கொண்டிருந்தபோதே ஸ்பானியக் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள்; கெல்லி அருகிலேயே கட்டிக்கொடுத்தார். அதன் கூரைச் சிலைகளுக்கிடையே தொப்பி அணிந்த ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். கெல்லிதான் என்கிறார்கள்.

மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் கோயில் வாசலிலும் காரை நிறுத்துங்கள்.