பழைய விண்டோசும் புதிய மென்பொருளும்: ஒரு திறனாய்வு

ஒரு கருவி பழுதடைவது வேறு. பழையது என்று ஒதுக்கப்படுவது வேறு. முன்னது கருவியின் இயல்பால் நேர்வது. பின்னது மனிதர் செய்யும் முடிவால் நேர்வது. கணினித் துறையில் இவ்விரண்டும் ஒன்றென்றே பலராலும் கருதப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குரிய பொதுப் பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அன்று காலையில் ஓடிய கணினிகள் மாலையிலும் ஓடின. ஆயினும் அவை காலங்கடந்தவை என்னும் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறித்ததொரு தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் வேண்டுதலின், நன்னிலையிலுள்ள கணினிகள் பலவும் அதனை முறைப்படி ஏற்கத் தகுதியற்றவை ஆயின.

இந்நிகழ்ச்சி முதன்முறையாக நேர்ந்ததன்று. விண்டோஸ் 98இன் பராமரிப்பு 2006 ஜூலையில் முடிந்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. 2014 ஏப்ரல் 8இல் கைவிடப்பட்டது. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7, 2020 ஜனவரி 14இல் அந்நிலையை எய்தியது. ஒவ்வொரு முறையும் பழைய தளத்தை விட்டு வெளியேற மறுத்தோர் சிலர் இருந்தனர். அவருள் ஒரு சாரார் வெறுமனே மறுத்ததோடு நில்லாது, புதிய மென்பொருள்களைப் பழைய தளத்திலேயே ஓடச் செய்யும் முயற்சியில் இறங்கினர். இம்முயற்சியைப் பிடிவாதம் என்று இகழ்வோரும் உளர். வீரம் என்று புகழ்வோரும் உளர். இவ்விரண்டும் பொருந்துமா என்பதைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

தடை எங்கே உள்ளது?

ஒரு மென்பொருள் தன் பணிகளையெல்லாம் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறத்தல், நேரம் அறிதல், திரையில் எழுதுதல் ஆகிய பணிகளுக்கு இயங்குதளத்தின் உதவியை நாடுகின்றது. விண்டோசில் அவ்வுதவிகள் செயற்கூறுகள் என்னும் பெயரால் டி.எல்.எல். கோப்புகளில் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. மென்பொருளின் முகப்பில், அதற்கு வேண்டிய செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. மென்பொருளைத் தொடங்கும்போது விண்டோஸ் அப்பட்டியலை வரிசையாகச் சரிபார்க்கிறது. பட்டியலிலுள்ள ஒரேயொரு பெயர் இல்லையாயினும் மென்பொருள் எழுவதில்லை. பிழைச் செய்தியொன்று மட்டுமே தோன்றும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போர்க்கு உண்மை விளங்கும். கணினி தொடங்கி எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று கூறும் செயற்கூறு ஒன்று விண்டோசில் நெடுங்காலமாக உண்டு. அது 32 பிட் எண்ணாக விடை தருதலின், ஏறத்தாழ 49.7 நாள்களில் நிறைந்து மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். இக்குறையை நீக்க, விண்டோஸ் விஸ்டாவில் 'கெட் டிக் கவுண்ட் 64' என்னும் 64 பிட் செயற்கூறு சேர்க்கப்பட்டது. இதனை அழைக்கும் மென்பொருள் எக்ஸ்.பி.யில் தொடங்குவதே இல்லை. மென்பொருளின் ஆயிரமாயிரம் பணிகளும் எக்ஸ்.பி.க்கு இயலுவனவே, நேரம் எண்ணும் இவ்வொன்று இல்லாமையால் அனைத்தும் முடங்குகின்றன. அதற்கீடானதொன்றைச் சில வரிகளில் எழுதிச் சேர்த்தல் கைதேர்ந்த நிரலர்க்கு அரிய செயலன்று. எனவே தடையென்று தோன்றுவனவற்றுட் பல மலைகள் அல்ல, வாயிற்படிகளே.

உற்பத்தியாளர் காட்டிய வழி

பழைய தளத்திற்குப் புதிய ஆற்றலை ஊட்டுதல் முறையற்ற செயல் என்று கூறுவோர், அதனை முதலில் செய்தவர் உற்பத்தியாளரே என்பதை மறந்துவிடுகின்றனர். 1990களின் தொடக்கத்தில் 32 பிட் மென்பொருள்களை 16 பிட் தளமாகிய விண்டோஸ் 3.1இல் ஓட்டுவதற்கு 'வின்32எஸ்' என்னும் இணைப்பை மைக்ரோசாப்ட் நிறுவனமே வழங்கிற்று. 2001இல் விண்டோஸ் 95, 98, மி ஆகிய தளங்களில் யூனிகோடு மென்பொருள்கள் ஓடும்பொருட்டு 'யூனிகோஸ்' என்னும் டி.எல்.எல். கோப்பையும் வெளியிட்டது. நிரலாசிரியர்கள் புதிய தளத்திற்கு எழுதத் தயங்காதிருக்க இவ்வேற்பாடுகள் அன்று தேவைப்பட்டன. தேவை இருந்தபோது பாலம் கட்டப்பட்டது. தேவை தீர்ந்தபின் ஆறு கடத்தற்கரியது என்று சொல்லப்படுகின்றது.

இந்த வரலாறு தமிழர்க்கும் தொடர்புடையதே. யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றிருந்தும், விண்டோஸ் வரிசையில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பே அவ்வழியில் தமிழை முதன்முதலாகத் தாங்கி வந்தது. அதுகாறும் 8 பிட் எழுத்துருக்களாலேயே விண்டோசில் தமிழ் எழுதப்பட்டது. யூனிகோடை ஏற்கும் வாயிலை யூனிகோஸ் திறந்ததேனும், கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைந்து தமிழ் எழுத்துச் சரியாகத் தோன்ற அஃது ஒன்றே போதாது. எழுத்துகளைக் கோத்து அமைக்கும் வேறொரு பகுதியும், ஏற்ற எழுத்துருவும் வேண்டும். ஓர் அழைப்பை ஏற்றுக்கொள்வது வேறு, அவ்வழைப்பின் பயனை முழுமையாகத் தருவது வேறு என்பதை இது தெளிவுபடுத்துகின்றது. பின்வரும் முயற்சிகளை மதிப்பிடுவதற்கு இதுவே உரைகல் ஆகும்.

மூவகை முயற்சிகள்

ஆர்வலர் மேற்கொண்ட வழிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, இயங்குதளத்தையே விரித்தல். விண்டோஸ் 98, மி ஆகியவற்றிற்கு எழுதப்பட்ட 'கெர்னல்எக்ஸ்' இவ்வகையைச் சார்ந்தது. எக்ஸ்.பி.க்கு 'ஒன் கோர் ஏ.பி.ஐ.' என்பதும், விஸ்டாவிற்கு 'விரிந்த கெர்னல்' என்று வழங்கும் தொகுப்பும் இவ்வழியில் வந்தவை. இவை இல்லாத செயற்கூறுகளைத் தளத்திலேயே சேர்த்துவிடுகின்றன. பயன் பெரிது, ஆயின் இடரும் பெரிது. வீட்டின் அடித்தளத்தையே தோண்டி மாற்றுதலின், ஒரு பிழை நேரின் வீடு முழுதும் ஆட்டங்காணும்.

இரண்டாம் வகை, ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே மொழிபெயர்ப்பாளரை அமர்த்துதல் போன்றது. விண்டோஸ் 7க்கு எழுதப்பட்ட 'வி.எக்ஸ்.கெக்ஸ்' இத்தகையது. தளத்தின் கோப்புகளைத் தொடாது, பயனர் தேர்ந்த மென்பொருளின் அழைப்புகளை மட்டும் தன் செயற்கூறுகளுக்குத் திருப்பிவிடுகின்றது. தவறு நேரினும் அம்மென்பொருள் ஒன்றே நிற்கும், ஏனையவை நடக்கும். அடக்கமான இம்முறை முதல்வகையினும் பாராட்டத்தக்கது.

மூன்றாம் வகை, மென்பொருளையே பழைய தளத்திற்கேற்பத் திருத்திக் கட்டுதல். மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் இடத்தில்தான் இது கைகூடும். கூகுள் குரோம் உலாவி 2016இல் 49ஆம் பதிப்போடு எக்ஸ்.பி.யைக் கைவிட்டது, 2023இல் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. ஆயினும் குரோமின் அடிப்படையாகிய குரோமியம் திறந்த மூலநிரலாதலின், அதனைத் திருத்தி எக்ஸ்.பி.யிலும் ஓடவல்ல 'சூப்பர்மியம்' என்னும் உலாவியை உருவாக்க முடிந்தது. இங்குத் தளம் ஏமாற்றப்படுவதில்லை. மென்பொருளே தளத்தை அறிந்து நடக்கின்றது. மூன்றனுள்ளும் நேர்மையும் உறுதியும் மிக்கது இதுவே. உழைப்பு மிகுதியாக வேண்டப்படுவதும் இதற்கே. மூலக்குரோமியம் மாறுந்தொறும் இதனையும் மாற்றவேண்டுமாதலின், அவ்வுழைப்புக்கு முடிவு என்பதில்லை.

மறைக்கலாகாத குறைகள்

இம்முயற்சிகளைப் புகழ்வோர் ஓர் உண்மையை மெல்லக் கடந்துவிடுகின்றனர். புதிய செயற்கூறுகளைச் சேர்ப்பதால் பழைய ஓட்டைகள் அடைபடுவதில்லை. புதிய உலாவி, இணையப் பக்கங்களின் வழியே வரும் தீங்கினைத் தடுக்க முயலும். ஆயினும் அத்தடுப்புக்குத் துணையாக விண்டோஸ் 8 முதலியவற்றில் அமைக்கப்பட்ட தனிமைக் கூடங்கள் எக்ஸ்.பி.யில் இல்லை. பெயரளவில் ஒரே உலாவியாயினும் அரணின் வலிமை ஒன்றன்று. மேலே காட்டிய தமிழ் எழுத்தின் கதையே இங்கும் நிகழ்கின்றது. வாயில் திறந்திருக்கிறது, உள்ளே வேண்டுவது இல்லை.

2017 மே 12இல் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தடைப்பட்டன. அத்தீநிரல் நுழைந்த ஓட்டைக்குரிய திருத்தம் இரண்டு திங்களுக்கு முன்னரே, பராமரிப்பிலிருந்த தளங்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. எக்ஸ்.பி.க்கு உரிய திருத்தமோ, தீங்கு பரவிய பின்னரே பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. ஆயினும் இந்நிகழ்ச்சியைக் கொண்டு பழைமையே குற்றம் என்று முடிவு கட்டுதலும் பிழையாகும். இங்கிலாந்தின் தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, அந்நாட்டு மருத்துவத் துறையில் தாக்குண்டவற்றுள் பெரும்பாலானவை அன்று பராமரிப்பிலிருந்த விண்டோஸ் 7 கணினிகளே என்றும், அவற்றில் திருத்தம் இடப்படவில்லை என்றும் கண்டது. ஆகவே குற்றம் ஆண்டுக்கணக்கில் இல்லை, திருத்தமின்மையில் உள்ளது. பழைய தளத்தின் குறையாவது, அதில் திருத்தமின்மை நிலைத்துவிடுவதே.

மற்றொரு குறை நம்பிக்கை பற்றியது. இயங்குதளத்தின் உட்கருவை மாற்றும் கோப்பு கணினியின் எல்லா உரிமைகளையும் பெற்றுவிடும். அதனை எழுதியோர் பலர் புனைபெயரால் மட்டுமே அறியப்படுவோர். அவர் நல்லவராயினும், அவர் கோப்பைப் படியெடுத்து நஞ்சு கலந்து பரப்புவோர் இருத்தல் கூடும். மூலநிரல் வெளிப்படையாக இல்லாத திருத்தத்தைக் கணக்குவழக்குகள் உள்ள கணினியில் இடுதல் அறிவுடையார் செயலாகாது.

நாட்காட்டியின் ஆட்சி

இவ்வளவும் ஆர்வலர் பக்கத்துக் குறைகள். எதிர்ப்பக்கத்துக் குறையோ இவற்றினும் ஆழமானது. பைதான் மொழியை வளர்ப்போர், மைக்ரோசாப்ட் பராமரிக்கும் விண்டோஸ் பதிப்புகளையே தாமும் பேணுவது என்னும் நெறியைக் கொண்டுள்ளனர். அதன்படி 2020இல் வந்த 3.9 பதிப்பு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. கோ மொழியின் 1.21 பதிப்பு 2023இலும், ரஸ்ட் மொழியின் 1.78 பதிப்பு 2024இலும் விண்டோஸ் 10ஐக் கீழெல்லையாக வகுத்தன. இம்மொழிகளில் எழுதும் ஒருவர் விண்டோஸ் 7ஐக் கைவிட எண்ணியதே இல்லை என்று கொள்க. மொழிக்கருவியைப் புதுப்பித்த அன்றே அவர் நிரல் பழைய கணினியில் நின்றுவிடும். ஒரு நிறுவனம் நாட்காட்டியில் குறித்த நாள், மொழிக்கு இறங்கி, மொழியிலிருந்து நிரலுக்கு இறங்கி, இறுதியில் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவைக் கருவியோடு பிணைக்கப்பட்ட கணினியின் மேல் விழுகின்றது. அச்சங்கிலியில் எவரும் அக்கணினியைப் பார்த்ததில்லை. அதற்கு இயலுமா என்று கேட்டதுமில்லை.

மொழி வளர்ப்போர் கூறும் காரணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு பழைய தளத்திற்கும் தனியே சோதனை செய்யப் பொருளும் ஆளும் வேண்டும். அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின் புதிய பணியை மறுப்பது ஒன்று. பழைய பணியின் பயனையும் மறைப்பது மற்றொன்று. 2020 ஆகஸ்டில், எஸ்.எச்.ஏ.1 முறையில் கையொப்பமிடப்பட்ட கோப்புகளை மைக்ரோசாப்ட் தன் பதிவிறக்க மையத்திலிருந்து நீக்கியபோது, பழைய தளங்களுக்குரிய திருத்தங்களும் கருவிகளும் பல அங்கிருந்து மறைந்தன. கையொப்பமுறை வலுவிழந்தது உண்மையே. அதற்குப் பரிகாரம் புதுக்கையொப்பமாதல் வேண்டுமேயன்றி நீக்கம் ஆகாது. அரசுகள் இவ்வகையில் தப்பித்துக்கொள்ள வல்லன. 2014இல் பிரிட்டிஷ் அரசு 55 இலட்சம் பவுன் அளவில் பொருள் கொடுத்து எக்ஸ்.பி.க்கு ஓராண்டுப் பராமரிப்பைப் பெற்றது. திருத்தம் எழுதுதல் இயலாததன்று என்பதை அதுவே மெய்ப்பிக்கின்றது. பொருளற்ற சிறு நிறுவனமும் பள்ளியும் அவ்வாறு பெறுதல் எங்ஙனம்?

முடிவு

பழையன கழிவதும் புதியன புகுவதும் பற்றி நன்னூலார் வகுத்த விதியை இங்குச் சிலர் காட்டுவர். அவ்விதி அவற்றைக் கால இயல்பால் வழுவல்ல என்று அமைத்ததேயன்றி, பழையனவற்றைக் கழித்தே தீர்க என்று கட்டளையிடவில்லை. வழுவன்று என்பதற்கும் கடமை என்பதற்கும் உள்ள இடைவெளி சிறிதன்று.

ஆதலின் தீர்ப்பை இடமறிந்து கூறுதல் வேண்டும். இணையத்தோடு இணையாது ஒரு கருவியை இயக்கும் பழைய கணினிக்குப் புதிய மென்பொருளைக் கொணரும் முயற்சி முற்றிலும் போற்றத்தக்கது. வங்கிக் கணக்கும் பிறர் செய்திகளும் கையாளும் கணினியில் அதே முயற்சி, எத்துணை நுட்பமாயினும், ஆபத்தேயாம். அங்கே பழைய கணினியைக் காக்க விரும்புவோர் இலினக்ஸ் போன்ற பராமரிக்கப்படும் தளத்தை அதில் அமைத்தல் நன்று; பேண வேண்டியது இயந்திரத்தையேயன்றி அதன் மேலுள்ள பெயரையன்று. உற்பத்தியாளரோ பராமரிப்பை நிறுத்தும் உரிமை உடையவராயினும், இறுதித் திருத்தங்களை என்றும் கிடைக்குமாறு வைக்கும் கடமையிலிருந்து விடுபட்டவர் ஆகார்.

ஆர்வலர் செய்துவரும் பணியின் பெரும்பயன், பழைய கணினிகள் ஓடுவது மட்டுமன்று. இயலாது என்று அறிவிக்கப்பட்டவற்றுள் எத்துணை உண்மையில் இயலாதவை, எத்துணை செய்ய விரும்பப்படாதவை என்று அவர் பிரித்துக் காட்டிவிட்டனர். வாங்குவோர் இனி எந்த இயங்குதளத்தை வாங்கும்போதும் இவ்வேறுபாட்டைக் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வியைப் பலரும் கேட்கத் தொடங்குவரேல், கழிக்கப்படும் நாளைக் குறிப்பவரும் அதற்குக் காரணம் காட்டவேண்டிய நிலை உண்டாகும்.