புதையலும் புத்தகமும்

தோண்டி எடுத்தபின் வெறுங்குழியை மட்டும் எஞ்சவிடுவது புதையல். எடுக்க எடுக்கக் குறையாது நிற்பது இலக்கியம். இவ்விரண்டையும் ஒன்றாக்க முயன்ற நூலொன்று ஆங்கிலத்தில் உண்டு. கிட் வில்லியம்ஸ் என்னும் ஓவியர் எழுதியும் வரைந்தும் அளிக்க, 1979ஆம் ஆண்டில் லண்டன் ஜானதன் கேப் பதிப்பகத்தார் வெளியிட்ட 'மாஸ்கரேடு' என்பதே அது. அந்த முயற்சி வென்றதா, தோற்றதா என்பது ஆராயத்தக்கது.

கதை மிகச் சிறியது. சூரியன்மீது காதல் கொண்ட சந்திரன், அன்பின் அடையாளமாக அணிகலன் ஒன்றை ஜாக் என்னும் முயலிடம் கொடுத்தனுப்புகிறாள். பல தடைகளைக் கடந்து சூரியனை அடைந்த முயல், கொண்டுவந்த பொருளை வழியில் இழந்துவிட்டதை அங்கேதான் உணர்கிறது. அது கிடக்கும் இடத்தைக் கண்டறிவது படிப்பவரின் பொறுப்பு. இது வெறுங் கற்பனையுமன்று. வில்லியம்ஸ் பொன்னால் முயல் ஒன்றைத் தாமே செய்து, மணிகள் பதித்து, பேழையிலிட்டு, பாம்பர் காஸ்காய்ன் என்பவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இங்கிலாந்து மண்ணில் புதைத்தேவிட்டார்.

நூலில் 15 ஓவியங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் காணப்படும் உயிர்களின் கண்ணிலிருந்து நீண்ட விரலின் நுனி வழியாகக் கோடு இழுத்தால், அது ஓவியத்தின் விளிம்பில் உள்ள எழுத்தொன்றைத் தொடும். அவ்வெழுத்துகள் சொற்களாகும், சொற்களின் முதலெழுத்துகள் ஆம்ப்டில் என்னும் ஊரைச் சுட்டும். அங்குள்ள பூங்காவில், எட்டாம் ஹென்றியின் முதல் மனைவியான காதரீன் அரசியின் நினைவாக ஒரு சிலுவைத்தூண் நிற்கிறது. பகலும் இரவும் சமமாகும் நாளின் நண்பகலில் அத்தூணின் நிழல்முனை விழும் இடமே புதையல் இருந்த இடம். அமைப்பில் குறை கூற இயலாது. வில்லியம்ஸின் நோக்கமும் உயர்ந்ததே. படநூல்களை மக்கள் விரைந்து புரட்டிவிட்டு மூடிவிடுகின்றனர். தம் ஓவியங்களையேனும் அவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

விளைந்தது என்ன? மக்கள் ஓவியத்தை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தனர். பொதுவிடங்களும் பிறர் நிலங்களும் தோண்டப்பட்டன. பெயரிலேயே முயலைக் குறிக்கும் சொல் அமைந்திருந்த ஹேர்ஸ்பீல்டு என்னும் மேட்டில் தோண்டியவர்கள் பலர். புதையல் அங்கில்லை என்று அறிவிப்புப் பலகை வைப்பதற்கு வில்லியம்ஸே பணம் கொடுக்க நேர்ந்தது.

1982இல் புனைபெயரில் ஒருவர் பொன்முயலைக் கைப்பற்றினார். புதிரை முறையாக விடுவித்தவர்களோ இரண்டு பௌதிக ஆசிரியர்கள். அவர்கள் அதே பூங்காவில் தோண்டியும் பேழை அவர்கள் கண்ணில் படவில்லை. பரிசு பிறர் கைக்குப் போனபின்னரே அவர்களது சரியான விடை ஓவியரை அடைந்தது. 1988இல் 'சண்டே டைம்ஸ்' இதழ் மற்றோர் உண்மையை வெளியிட்டது. பரிசு பெற்றவர் புதிரை விடுவித்தவரல்லர்; வில்லியம்ஸுடன் முன்பு பழகிய ஒரு பெண்ணின் வழியாகக் கிடைத்த செய்தியே அவருக்கு வழிகாட்டியது என்பதாகும். அவ்வாண்டே பொன்முயல் ஏலத்தில் 31,900 பவுனுக்கு விலைபோயிற்று.

இங்கு ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' ஒப்புநோக்கத்தக்கது. 1881இல் ஸ்காட்லாந்தில் மழைக்காலப் பொழுதுபோக்காக வரைந்த ஒரு தீவின் படத்திலிருந்து அக்கதை பிறந்தது, 1883இல் நூலாயிற்று. கடற்கொள்ளையர் உயிரைப் பணயம் வைத்துப் படத்தைத் தொடர்ந்து சென்று குழியை அடையும்போது குழி வெறுமையாயிருக்கிறது. தீவில் தனித்து விடப்பட்ட பென் கன் என்பவன் பொருளை முன்னரே தன் குகைக்கு மாற்றிவிட்டான். படம் பயனற்றதாகியும் கதை பயனற்றதாகவில்லை. குழியின் வெறுமையே கதையின் உச்சமாகிறது. ஒருவர் படித்து முடித்ததால் அடுத்தவர் இழப்பது ஒன்றுமில்லை. 'மாஸ்கரேடு' நூலிலோ ஒருவன் வென்றான், ஏனையோர் அனைவரும் தோற்றனர்.

தமிழிலும் எழுத்துகளைப் படத்துள் அடக்கும் சித்திரகவி மரபு உண்டு. நாகபந்தத்தின் வழியை அறிந்தபின்னும் பாட்டு கையில் நிற்கும். அதன் பொருள்நயத்தைப் பின்னர் எடைபோடலாம். 'மாஸ்கரேடு' நூலில் வழி தெரிந்தவுடன் பலர் நூலையே மூடிவிட்டனர். முயலின் தூதும் சந்திரனின் ஏமாற்றமும் கேட்பாரற்றுப் போயின. இஃது ஓவியங்களின் குற்றமன்று. அவற்றின் ஒளியும் நுணுக்கமும் இன்றும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கும். படிப்பின் பயனைப் படிப்புக்கு வெளியே ஒரு குழியில் வைத்ததே குற்றம்.

இக்குற்றம் ஓர் ஆங்கில ஓவியரோடு நின்றுவிடுவதன்று. செய்யுளைக் கையில் கொடுத்து, வினாவுக்குரிய விடையை மட்டும் தோண்டி எடுக்குமாறு மாணவனைப் பணிக்கும் வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. விடை கிடைத்ததும் அவன் செய்யுளை மூடிவிடுகிறான். மதிப்பெண் என்னும் பொன்முயல் அவன் கையில் இருக்கலாம்; ஆனால் அவன் கவிதையைக் கண்டவனாகான். விடை தெரிந்த பிறகும் மீண்டும் ஒருமுறை படிக்க மாணவன் விரும்புவானாயின், அதுவே நல்ல நூலுக்கும் நல்ல ஆசிரியருக்கும் உரிய சான்றாகும்.