வீட்டுல புலி, வெளியில எலியா?

"அஸ்வினா? வீட்டுல புலி, வெளியில எலி சார்." செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிரிக்கெட் பேச்சு எங்கே தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கும். கும்ப்ளேதான் பெரிய ஆள், முரளி அதுக்கும் மேல என்பார்கள். ஆளைப் பற்றி அப்புறம் பேசுவோம். இந்த வாதத்துக்கு அடியில் இருக்கும் நம்பிக்கையைத்தான் முதலில் பார்க்கணும்: இந்தியாவில் பந்து தானாகவே சுழலும், எவன் போட்டாலும் விக்கெட் விழும்.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே சண்டை உண்டு. 2018-ல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி மட்டுமே வைத்துக்கொண்டு சை யங் விருது வாங்கினார். அணி ரன் அடிக்காததற்கு பிட்சர் என்ன பண்ணுவார் என்று, அவர் விட்டுக்கொடுத்த ரன் கணக்கைத்தான் (1.70) பார்த்தார்கள். டென்வர் மைதானம் உயரத்தில் இருப்பதால் அங்கே பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதனால் அங்கே ஆடுபவர்களின் கணக்கை அந்த மைதானத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்க்கிறார்கள். நாம் திருத்துவதில்லை, ஒரேயடியாகத் தள்ளுபடி பண்ணிவிடுகிறோம்.

சரி, ஒரே மண்ணில் எல்லாரையும் நிறுத்திப் பார்ப்போமே. இந்தியாவில் ஷேன் வார்னே ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது 43 ரன். 800 விக்கெட் எடுத்த முரளிதரன் இங்கே 11 டெஸ்டில் 40 விக்கெட்தான், சராசரி 45. நேதன் லயன் அதே 11 டெஸ்டில் 56 விக்கெட், சராசரி 32. கும்ப்ளே 63 டெஸ்டில் 350, சராசரி 24.88. அஸ்வின் 65 டெஸ்டில் 383, சராசரி 21.57. எவன் போட்டாலும் விழும் என்றால் வார்னேக்கும் முரளிக்கும் ஏன் விழலை?

பதில் வரும்: அவங்க சச்சின், டிராவிட், லக்ஷ்மணுக்குப் போட்டாங்க. நியாயம்தான். கும்ப்ளே காலத்துப் பிட்ச்சை விட கடைசிப் பத்து வருஷத்துப் பிட்ச் அதிகம் சுழன்றது, அதுவும் நியாயம். அஸ்வின் ஓய்வு பெற்றபோது ஜடேஜாவின் உள்ளூர்ச் சராசரி அவருடையதை விடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் பெரிசு. மொத்த டெஸ்ட் கணக்கில் கும்ப்ளேக்கு ஒரு விக்கெட்டுக்கு 66 பந்து தேவைப்பட்டது, அஸ்வினுக்கு 51. முரளிக்கே 55.

சொந்த மண்ணைப் பயன்படுத்துவது குறையா என்ன? நம்ம ராஜகிரியையே எடுத்துக்கோங்க. 1690-லிருந்து 1698 தொடக்கம் வரை முகலாயப் படை சுற்றி உட்கார்ந்திருந்தது, செஞ்சியைப் பிடிக்க அத்தனை வருஷம் ஆச்சு. பாறைதான் காப்பாத்துச்சு, உள்ளே இருந்தவங்களுக்கு அதில் பெருமையில்லை என்று யாரும் சொல்வதில்லை. 2013-லிருந்து 2024 வரை இந்தியா உள்ளூரில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர் ஜெயித்தது. அந்தக் கோட்டையின் வாசலில் நின்றவர் அஸ்வின்.

வெளிநாட்டுக் கணக்கு பலவீனம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 11 டெஸ்டில் 40 விக்கெட், சராசரி 42. அங்கே 2003-04-ல் மூணே டெஸ்டில் 24 விக்கெட் எடுத்த கும்ப்ளேதான் மேல். ஆனால் கும்ப்ளேயின் மொத்த வெளிநாட்டுச் சராசரியும் 36-ஐ ஒட்டித்தான், அதை யாரும் பேசுவதில்லை. உலகம் முழுக்க வைத்துப் பார்த்தால் எனக்கு முரளி முதல், இந்தியர்களில் அஸ்வின்.

வெளியில எலி என்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கணும். 2021-ல் இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய நாலு டெஸ்டிலும் அஸ்வினை உட்கார வைத்தார்கள். 2023 ஜூன், ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர், டெஸ்டில் 200 இடதுகை ஆட்டக்காரர்களை முதலில் வீழ்த்தியவர், அணியில் இல்லை. ஆஸ்திரேலியாவின் முதல் ஏழு பேரில் நாலு பேர் இடதுகைக்காரர்கள். அதில் ஒருத்தர், டிராவிஸ் ஹெட், 163 அடித்தார்.